வரம்பற்ற பட்டையகலம்: ஒரு விளம்பரச் சொல்லின் வரலாறு

வலைத்தளம் ஒன்றைத் தொடங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது ஹோஸ்டிங் நிறுவனங்களின் விலைப்பட்டியலை. மாதம் இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு திட்டம் இருக்கும். அதன் கீழே பச்சை நிற 'சரி' அடையாளத்துடன் 'அன்லிமிடெட் பேண்ட்வித்', அதாவது 'வரம்பற்ற பட்டையகலம்' என்று எழுதியிருக்கும். உலகில் எந்தக் கம்பிக்கும் எல்லை உண்டு, எந்தக் கணினிக்கும் எல்லை உண்டு. அப்படியிருக்க எல்லையற்ற ஒன்றை ஒருவர் மாதச் சந்தாவுக்கு எப்படி விற்கிறார்? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதை நம்பியவர்களுக்கு என்ன நேர்ந்தது, நீதிமன்றங்களும் ஒழுங்குமுறை அமைப்புகளும் அதை எப்படிப் பார்த்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அகலமும் அளவும்

தொடக்கத்திலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பட்டையகலம் என்பது ஒரு வினாடியில் எவ்வளவு தரவு செல்ல முடியும் என்பதைக் குறிப்பது. குழாயின் விட்டம் போன்றது அது. ஒரு மாதத்தில் மொத்தம் எவ்வளவு தரவு சென்றது என்பது தரவுப் பரிமாற்றம். குழாய் வழியாக மாதம் முழுவதும் வந்த குடங்களின் எண்ணிக்கை போன்றது இது. ஹோஸ்டிங் விளம்பரங்கள் 'பேண்ட்வித்' என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாவதை. முதல் பொருளில் வரம்பற்றது என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. வழங்கிக் கணினியின் முதுகில் செருகியிருக்கும் கம்பியே வரம்பு.

இந்த இரண்டுக்கும் உள்ள உறவை மாணவர்கள் ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு 30 நாள்கள் ஒரு நொடியும் ஓயாமல் ஓடினால் எவ்வளவு தரவு செல்லும்? 30 நாள்களில் 25,92,000 வினாடிகள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே விடை 324 ஜிகாபைட். 100 மெகாபிட் இணைப்பென்றால் 32.4 டெராபைட். 1 ஜிகாபிட் என்றால் 324 டெராபைட். இதற்கு மேல் ஒரு பைட்கூடப் போகாது. 'வரம்பற்ற' என்று விற்கப்படும் ஒவ்வொரு திட்டத்துக்கும் இப்படி ஓர் உச்ச எண் இருக்கிறது. அந்த எண் விளம்பரத்தில் இருக்காது. அதோடு, அந்த ஒரு கம்பியை நூற்றுக்கணக்கான வலைத்தளங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

தொலைபேசிக் காலத்துப் பாடம்

இருப்பதைவிட மிகுதியாக விற்பது இணையம் கண்டுபிடித்த தந்திரம் அன்று. தொலைபேசி வந்த நாளிலிருந்தே அது நடைமுறையில் உள்ளது. ஓர் ஊரில் 100 வீடுகளில் தொலைபேசி இருந்தால் பக்கத்து நகரத்துக்கு 100 கம்பிகள் போட வேண்டுமா? எல்லோரும் ஒரே நேரத்தில் பேசப்போவதில்லை என்பதால் வேண்டியதில்லை. ஆனால் எத்தனை கம்பி போதும்?

இதற்கு விடை கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் கிராருப் எர்லாங். 1878-இல் பிறந்த இவர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டுச் சில ஆண்டுகள் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். (என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் செய்தியில் ஒரு சிறு மகிழ்ச்சி.) 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். 1909-இல் தொலைபேசி அழைப்புகளுக்கு நிகழ்தகவுக் கணக்கைப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். 1917-இல் வெளியிட்ட சூத்திரங்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. போக்குவரத்தை அளக்கும் அலகுக்கும் 'எர்லாங்' என்றே பெயர்.

அவருடைய சூத்திரத்தின்படி, நெரிசலான ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு 6 நிமிடம் பேசும் 100 வீடுகளுக்கு 18 கம்பிகள் போதும். நூறு அழைப்புகளில் ஒன்றுக்கும் குறைவாகவே 'எங்கேஜ்டு' ஒலி கேட்கும். அதே அளவு பேசும் 10 வீடுகள் மட்டும் இருந்தால் 5 கம்பிகள் வேண்டும். வீடுகள் பத்து மடங்காகும்போது கம்பிகள் நான்கு மடங்குகூட ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டம் பெருகப் பெருக ஒருவருக்கு ஒதுக்கவேண்டிய பங்கு குறைகிறது. நூறு பேருக்கு 18 கம்பியை விற்பது ஏமாற்று வேலை அன்று. அப்படி விற்காவிட்டால் தொலைபேசி பணக்காரர் வீட்டுப் பொருளாகவே நின்றிருக்கும்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: 'வீட்டுக்கு 6 நிமிடம்'. மக்கள் 6 நிமிடத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரம் பேசினால் 18 கம்பியும் அடைத்துப்போகும். 1996-இல் அமெரிக்காவில் நடந்தது அதுதான்.

1996 டிசம்பர்: ஏஓஎல் தந்த அனுபவம்

அமெரிக்கா ஆன்லைன் என்ற ஏஓஎல் அந்நாட்டின் மிகப் பெரிய இணைய இணைப்பு நிறுவனமாக இருந்தது. தலைவர் ஸ்டீவ் கேஸ். வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் மோடத்தைப் பொருத்தி, ஏஓஎல் எண்ணைச் சுழற்றி, அந்தப் பக்கம் இருக்கும் மோடம் எடுத்தால்தான் இணைப்பு கிடைக்கும். கட்டணம் மாதம் 9.95 டாலர். அதற்கு 5 மணி நேரம். மேற்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் 2.95 டாலர். மீட்டர் ஓடிக்கொண்டிருப்பதால் மக்கள் அவசரமாக நுழைந்து, மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

1996-இல் போட்டி வந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் வேர்ல்டுநெட் சேவை மாதம் 19.95 டாலருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றது. மைக்ரோசாஃப்டும் அதே வழியில் வந்தது. ஏஓஎல்லுக்கு வேறு வழியில்லை. டிசம்பர் 1 முதல் தானும் 19.95 டாலருக்கு வரம்பற்ற இணைப்பு தருவதாக அறிவித்தது.

மக்கள் பழக்கம் ஓரிரு வாரத்தில் மாறிவிட்டது. மீட்டர் நின்றவுடன் அவசரமும் நின்றது. பயன்பாட்டு நேரம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. மோடங்கள் அத்தனையும் நிறைந்துவிட, எண்ணைச் சுழற்றியவர்களுக்கு 'எங்கேஜ்டு' ஒலிதான் கேட்டது. இன்னொரு வினோதமும் நடந்தது. ஒருமுறை இணைப்பு கிடைத்தவர் அதை விடவில்லை. விட்டால் மறுபடி கிடைக்காது என்ற பயம். சாப்பிடப் போகும்போதும் இணைப்பை வைத்துக்கொண்டே போனார்கள். சும்மா இருக்கும் இணைப்புகளை ஏஓஎல் துண்டிக்கத் தொடங்கியதும், ஆள் இருப்பதுபோலப் பாசாங்கு செய்யும் சிறு மென்பொருள்கள் புழக்கத்துக்கு வந்தன. பற்றாக்குறை என்ற செய்தியே பற்றாக்குறையைப் பெருக்கியது. ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிடும் என்ற வதந்தி கிளம்பிய நாளில் வரிசை எப்படி நீளும் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அமெரிக்காவின் பெயரிலுள்ள 'ஆன்லைன்' என்பதை 'ஆன் ஹோல்டு' என்று மாற்றிப் பத்திரிகைகள் கேலி செய்தன. வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் தலையிட்டனர். 1997 ஜனவரி இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது அல்லது ஒரு மாதம் இலவசமாகத் தருவது, சிறிது காலம் விளம்பரத்தை நிறுத்திவைப்பது, சந்தாவை விட்டு விலகுவதை எளிதாக்குவது ஆகியவற்றுக்கு ஏஓஎல் ஒப்புக்கொண்டது. கட்டமைப்பைப் பெருக்க 35 கோடி டாலர் செலவிடுவதாகவும் அறிவித்தது.

இங்கே குற்றம் எது? வரம்பற்ற திட்டம் அறிவித்ததா? அப்படிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பழைய மீட்டர்க் காலத்துப் பயன்பாட்டை வைத்து மோடங்களை எண்ணிவிட்டு, புதிய திட்டத்தின்கீழும் மக்கள் அதே அளவுதான் வருவார்கள் என்று இருந்ததும், இடம் போதவில்லை என்று தெரிந்த பின்னும் புதிய சந்தாதாரர்களை அழைத்துக்கொண்டிருந்ததும்தான் குற்றம். விலை மாறினால் பழக்கம் மாறும் என்பது பொருளியலின் முதல் பாடம்.

அளந்து கொடுத்த காலம்

வலைத்தளங்களுக்கு இடம் கொடுக்கும் தொழிலில் 'வரம்பற்ற' என்ற சொல் உடனே நுழைந்துவிடவில்லை. அளவு இருந்தது, அதுவும் கண்டிப்பான அளவு. 1994-இல் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் இருவரும் தொடங்கிய ஜியோசிட்டீஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் போடலாம் என்று இடம் கொடுத்தது. 1999-இல் யாஹூ அதை வாங்கியது. பின்னர் கட்டணத் திட்டங்களைக் கொண்டுவந்தபோது இலவசக் கணக்குகளுக்கு மாதம் 3 ஜிபி என்று தரவு எல்லை விதித்தது. அந்த எல்லை மாதக் கணக்கில் அன்றி மணிக் கணக்கில் செயல்பட்டது. 3 ஜிபியை 720 மணிக்குப் பிரித்தால் மணிக்குச் சுமார் 4.2 எம்பி. படங்களோடு சேர்த்து ஒரு பக்கம் 60 கேபி என்றால், ஒரு மணி நேரத்தில் 70 பேர் பார்த்ததும் கதவு சாத்தப்படும். அடுத்து வருபவருக்கு 'இந்தத் தளம் தற்காலிகமாகக் கிடைக்காது' என்ற அறிவிப்பு மட்டுமே தெரியும். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் இணையத்தில் திரிந்தவர்கள் இந்த அறிவிப்பைப் பலமுறை பார்த்திருப்பார்கள். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது.

கட்டணம் கட்டியவர்களின் நிலை வேறு விதமாகக் கடினம். எல்லையைத் தாண்டினால் ஜிபி கணக்கில் கூடுதல் கட்டணம் வந்தது. ஸ்லாஷ்டாட் என்ற செய்தித் தளம் 1997-இல் தொடங்கியது. அதில் ஒரு சிறு தளத்தின் இணைப்பு வெளியானால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அங்கே பாய்வார்கள், தளம் விழுந்துவிடும். இதற்கு 'ஸ்லாஷ்டாட் விளைவு' என்றே பெயர் வந்தது. நல்ல கட்டுரை ஒன்றை எழுதியவருக்குப் புகழோடு ஒரு பெரிய பில்லும் வந்து சேரும். 'வரம்பற்ற' என்ற சொல்லுக்குப் பின்னாளில் கிடைத்த வரவேற்பைப் புரிந்துகொள்ள இந்தப் பயத்தை நினைவில் வைக்க வேண்டும். மக்கள் கேட்டது எல்லையற்ற பொருளை அன்று. எதிர்பாராத பில் வராது என்ற உறுதியை.

விலை சரிந்த கதை

அந்த உறுதியைக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம் மொத்த விற்பனைச் சந்தையில் நடந்த வீழ்ச்சி. ஹோஸ்டிங் நிறுவனங்கள் பெரிய இணைய நிறுவனங்களிடமிருந்து பட்டையகலத்தை மொத்தமாக வாங்குகின்றன. 1998-இல் அமெரிக்காவில் 1 மெகாபிட்டுக்கு மாதம் ஏறத்தாழ 1,200 டாலர் விலை. 2002-இல் அது 200 டாலர் அளவுக்கு இறங்கியது. 2006-இல் 50, 2010-இல் 5. 2015-இல் ஒரு டாலருக்கும் கீழே.

டாட்காம் மோகத்தில் நிறுவனங்கள் கடன் வாங்கிக் கண்ணாடி இழைக் கம்பிகளைப் பூமியெங்கும் புதைத்தன. ஒரே இழையில் பல நிற ஒளிகளைச் செலுத்தும் நுட்பம் வந்ததால் புதைத்த ஒவ்வோர் இழையின் திறனும் பல மடங்கானது. வாங்க ஆள் இல்லை. குளோபல் கிராசிங் 2002 ஜனவரியிலும், வேர்ல்டுகாம் அதே ஆண்டு ஜூலையிலும் திவாலாயின. அவர்களின் முதலீட்டாளர்கள் இழந்த பணத்தில்தான் நமக்கு மலிவான இணையம் கிடைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

மொத்த விற்பனையில் கணக்கிடும் முறையும் கவனிக்கத்தக்கது. 5 நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தை அளந்து குறிப்பார்கள். 30 நாளில் 8,640 குறிப்புகள். அவற்றை இறங்கு வரிசையில் அடுக்கி, மேலே உள்ள 5 சதவீதத்தை, அதாவது 432 குறிப்புகளை நீக்கிவிட்டு, அடுத்து நிற்கும் எண்ணுக்குக் கட்டணம் போடுவார்கள். மாதத்தில் 36 மணி நேர உச்சத்துக்குக் கட்டணம் இல்லை என்று பொருள். ஆகவே ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு, ஒரு வாடிக்கையாளர் மாதத்தில் மொத்தம் எத்தனை ஜிபி அனுப்பினார் என்பது நேரடிச் செலவே இல்லை. எல்லோரும் சேர்ந்து வழக்கமாக எவ்வளவு உயரத்தில் ஓடுகிறார்கள் என்பதே செலவு. மாதக் கணக்கில் ஜிபி எண்ணி விற்பது வாடிக்கையாளருக்குப் புரிவதற்காக வைத்த அளவுகோல் மட்டுமே.

விலை விழ விழ, விளம்பர எண்கள் ஏறின. 2006 வாக்கில் பத்து டாலருக்கும் குறைவான மாதத் திட்டங்களில் டெராபைட் அளவில் பரிமாற்றம் தருவதாகச் சொன்னார்கள். கணக்குப் போடுவோம். 1 டெராபைட் என்பது மாதம் முழுவதும் ஓடும் சுமார் 3 மெகாபிட். அன்றைய மொத்த விலையில் அதன் செலவு 150 டாலருக்கு மேல். பத்து டாலர் வாங்கிக்கொண்டு 150 டாலர் பொருளைக் கொடுக்க யாராலும் முடியாது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தொடமாட்டார்கள் என்பதுதான் வியாபாரத்தின் அடித்தளம்.

இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நிறுவனம் ட்ரீம்ஹோஸ்ட். கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி மாணவர்கள் நால்வர் தொண்ணூறுகளில் தொடங்கியது இது. அவர்களுள் ஒருவரான ஜோஷ் ஜோன்ஸ், இருப்பதைவிட மிகுதியாக விற்கிறோம் என்பதை 2006-இல் தம் வாடிக்கையாளர்களுக்கே எழுதி விளக்கினார். பெரும்பாலோர் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள், அதை வைத்துத்தான் இந்த எண்களைத் தர முடிகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். எர்லாங் சொன்னதேதான். பலர் அதைப் படித்துவிட்டுச் சினந்தார்கள், பலர் பாராட்டினார்கள். ஒரு வணிகர் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியதாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அதே 2006 மார்ச்சில் அமேசான் தன் எஸ்3 சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. சேமிப்புக்கு ஜிபிக்கு மாதம் 15 சென்ட், பரிமாற்றத்துக்கு ஜிபிக்கு 20 சென்ட். பயன்படுத்திய அளவுக்குப் பணம், அவ்வளவுதான். வரம்பற்ற என்ற சொல் இல்லை, மறைந்த நிபந்தனையும் இல்லை. ஆனால் பழைய பயம் திரும்பி வந்தது: பில் எவ்வளவு வரும் என்று மாத இறுதிவரை தெரியாது. மேகக் கணிமையில் இந்தப் பயம் இன்றும் நீங்கவில்லை.

எல்லை எங்கே போய் ஒளிந்தது?

2006-க்குப் பின் சில ஆண்டுகளில் எண்களே மறைந்து, பகிர்வு ஹோஸ்டிங் திட்டங்களில் 'வரம்பற்ற' என்பது பொதுச் சொல்லாயிற்று. ஒரு நிறுவனம் டெராபைட் என்றால் இன்னொன்று இரண்டு டெராபைட் என்னும் ஏலத்தின் இறுதி எண் அது. இந்த வாக்குறுதி ஏன் நிறுவனங்களைத் திவாலாக்கவில்லை? பட்டையகலம் தீர்வதற்கு முன்பே வேறொன்று தீர்ந்துவிடும் என்பதே விடை.

இன்றைய வலைத்தளங்கள் பெரும்பாலும் வேர்டுபிரஸ் போன்ற மென்பொருளால் இயங்குபவை. ஒருவர் வந்து ஒரு பக்கத்தைக் கேட்டால், வழங்கியின் செயலி தரவுத்தளத்தைத் துழாவி அந்தப் பக்கத்தை அப்போதே கட்டித் தருகிறது. ஒரே நேரத்தில் சில நூறு பேர் வந்தாலே செயலியும் நினைவகமும் திணறும். கம்பியில் அப்போதும் நிறைய இடம் இருக்கும். ஆகவே பட்டையகலத்துக்கு வரம்பில்லை என்று சொல்லிவிட்டு, செயலி நேரத்துக்கும், ஒரே நேரத்தில் ஓடும் செயல்முறைகளுக்கும், வைத்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் சேவை நிபந்தனைகளில் வரம்பு வைத்தார்கள். கோப்பு எண்ணிக்கை இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் என்ற அளவில் இருக்கும். 2010-இல் வந்த கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் ஒவ்வொரு கணக்குக்கும் செயலியில் இவ்வளவு, நினைவகத்தில் இவ்வளவு என்று பிரித்துப் பூட்டு போடும் வசதியைத் தந்தது. அந்தப் பூட்டு விழும்போது பார்வையாளர் காண்பது '508' என்ற எண்ணுள்ள பிழை அறிவிப்பு. வரம்பற்ற திட்டத்தில் 'வரம்பை அடைந்துவிட்டது' என்று எழுதிவரும் அந்த அறிவிப்பில் இருக்கும் நகைச்சுவையை யாரும் வேண்டுமென்று எழுதவில்லை.

அகலத்தையும் அளவையும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு கணக்கு. ஒரு பக்கம் 2 எம்பி. நாளுக்கு ஆயிரம் பேர் பார்த்தால் மாதத்துக்கு 60 ஜிபி. இது ஒன்றுமே இல்லை, சராசரியாக 0.2 மெகாபிட்டுக்கும் குறைவு. ஆனால் ஏதோ ஒரு நாள், ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் வந்தால் 200 ஜிபி. மொத்த அளவில் அதுவும் பெரிதன்று. அதை ஒரு மணிக்குள் அனுப்ப வினாடிக்கு சுமார் 444 மெகாபிட் வேண்டும். வழங்கியின் கம்பி 100 மெகாபிட் என்றால் நான்கில் மூன்று பங்கினர் திரும்பிப் போவார்கள். 'மாதத்துக்கு வரம்பில்லை' என்ற வாக்குறுதி அன்று எதற்கும் உதவாது.

எனக்குத் தெரிந்த சில ஆசிரியர்கள் சேர்ந்து பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள்களை இலவசமாக ஏற்றி ஒரு தளம் நடத்தினார்கள். வரம்பற்ற திட்டம்தான். ஆண்டு முழுவதும் எந்தச் சிக்கலும் இல்லை. பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம் மாணவர்கள் மொய்த்தபோது, 'வழங்கியின் வளங்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறீர்கள்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, கணக்கு நிறுத்தப்பட்டது. நிறுவனத்தின் நிபந்தனைப் பக்கத்தில் அதற்கு இடமிருந்தது. மாணவர்களுக்கு வினாத்தாள் தேவைப்பட்ட ஒரே வாரத்தில் அது இல்லாமல் போனதுதான் மிச்சம். ஆள் வராத நாளில் வரம்பில்லை, ஆள் வந்த நாளில் வரம்பு உண்டு என்றால், அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

நீதிமன்றப் படியேறிய சொல்

ஹோஸ்டிங்கைவிடக் கைபேசி இணையத்தில் இந்தச் சொல் வெளிப்படையாக விசாரிக்கப்பட்டது. வெரைசன் வயர்லெஸ் நிறுவனம் 'வரம்பற்ற' திட்டம் வாங்கியவர்களில் சுமார் 13,000 பேரை மிகுதியாகப் பயன்படுத்தியதாகச் சொல்லித் துண்டித்தது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரித்தார். 2007 அக்டோபரில் அவர்களுக்கு 10 லட்சம் டாலர் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஏடி அண்ட் டி வழக்கு இன்னும் பெரியது. ஐஃபோன் வந்த 2007-இல் வரம்பற்ற தரவுத் திட்டத்தை விற்ற அந்நிறுவனம் 2010-இல் புதியவர்களுக்கு அதை நிறுத்தியது. பழையவர்கள் தொடரலாம் என்றது. 2011 முதல், மாதத்தில் ஓர் அளவைத் தாண்டிய பழைய சந்தாதாரர்களின் வேகத்தைக் குறைத்தது. சிலருக்கு 2 ஜிபியிலேயே. கூட்டாட்சி வணிக ஆணையம் 2014 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. குறைந்தது 35 லட்சம் பேரின் வேகம் குறைக்கப்பட்டது, சில நேரங்களில் 80 முதல் 90 சதவீதம்வரை குறைந்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. தரவு துண்டிக்கப்படவில்லையே, மெதுவாகத்தானே போனது என்பது நிறுவனத்தின் பக்கம். 2019 நவம்பரில் 6 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. இனி வேகக் குறைப்பை விளம்பரத்தில் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்பதும் உடன்பாட்டில் அடங்கும்.

பிரிட்டனில் விளம்பர விதிகளை வகுக்கும் அமைப்புகள் 2012 ஏப்ரல் முதல் ஒரு வழிகாட்டுதலைக் கொண்டுவந்தன. மிகுதியாகப் பயன்படுத்தியவரிடம் கூடுதல் கட்டணமோ துண்டிப்போ இருந்தால் 'வரம்பற்ற' என்று விளம்பரம் செய்யக்கூடாது. வேறு கட்டுப்பாடுகள் இருந்தால் அவை மிதமானவையாகவும் தெளிவாகச் சொல்லப்பட்டவையாகவும் இருக்க வேண்டும்.

சேமிப்பிலும் இதே கதை. மைக்ரோசாஃப்ட் 2014-இல் ஒன்டிரைவில் வரம்பற்ற இடம் தருவதாகச் சொன்னது. ஓராண்டில் திரும்பப் பெற்றது. சிலர் 75 டெராபைட்டுக்கு மேல், சராசரியைப்போல 14,000 மடங்கு வைத்திருந்தார்கள் என்பது அது சொன்ன காரணம்.

சாப்பாட்டுக் கடைக் கணக்கு

நம் ஊர் உணவகங்களில் 'அளவுச் சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' என்று இரண்டு விலை எழுதியிருப்பார்கள். முழுச் சாப்பாட்டில் சோறு, சாம்பார், ரசம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அது நேர்மையான வாக்குறுதிதான். ஏனென்றால் எல்லை சாப்பிடுபவரின் வயிற்றிலேயே இருக்கிறது. அதே கடையில் 'பார்சல்' கேட்டால் அளவுதான். முழுச் சாப்பாட்டுப் பார்சல் எவரும் தருவதில்லை. டிபன் கேரியருக்கு வயிறு இல்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

ஏஓஎல் திட்டத்தில் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குத் தூக்கம் வரும். எனவே போதிய மோடங்களைப் போட்ட பின் அந்த வாக்குறுதி நிலைபெற்றுவிட்டது. இன்று ஒரே கட்டண வரம்பற்ற இணைப்பு உலகெங்கும் இயல்பான ஒன்று. வலைத்தளத்தின் நிலை பார்சலைப் போன்றது. அதிலிருந்து எடுப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுள் தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களும் உண்டு. எவருக்கும் வயிறு நிரம்பாது. அதனால்தான் ஹோஸ்டிங்கில் 'வரம்பற்ற' என்பதைச் சொன்ன பொருளில் காப்பாற்ற முடியாது என்று கருதுகிறேன்.

'அளக்கப்படாத' என்று வேறொரு சொல் தொழிலில் உண்டு. வழங்கியின் கம்பி 100 மெகாபிட், அதில் மாதம் முழுவதும் எவ்வளவு ஓடினாலும் எண்ணமாட்டோம், கூடுதல் பில் வராது என்பது இதன் பொருள். முழு வழங்கியை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பல இப்படித்தான் விற்கின்றன. உச்சம் 32.4 டெராபைட் என்பதை வாங்குபவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். மக்கள் அஞ்சிய திடீர் பில்லுக்கு இது மருந்து, பொய்யும் இல்லை. பகிர்வு ஹோஸ்டிங் விற்பவர்களும் கம்பியின் வேகத்தையும் செயலிப் பங்கையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட்டுவிட்டால், மேலே என்ன சொல்லை எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்தியாவில்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். வழியாக வந்தது. பிராட்பேண்ட் பரவிய பின் பி.எஸ்.என்.எல். திட்டம் ஒன்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணிவரை தரவுக்கு அளவு இல்லை என்று ஒரு சலுகை இருந்தது. கல்லூரி மாணவர்கள் அலாரம் வைத்து எழுந்து பதிவிறக்கிய காலம் அது. ஊர் தூங்கும்போது சும்மா கிடக்கும் கம்பியைத் திறந்துவிட்ட அத்திட்டம், நேரத்தைச் சொல்லி எல்லையையும் சொல்லிவிட்டது.

அதன் பின் வந்த 'அன்லிமிடெட்' திட்டங்களில் நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்ற பெயரில் ஓர் அளவுக்கு மேல் வேகம் குறைக்கப்பட்டது. அந்த அளவையும் குறைந்தபின் இருக்கும் வேகத்தையும் விளம்பரத்திலேயே சொல்லவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012 ஜூலையில் உத்தரவிட்டது. 2016 அக்டோபர் உத்தரவில், வீட்டு பிராட்பேண்ட் இணைப்பின் வேகம் எந்நிலையிலும் 512 கிலோபிட்டுக்குக் கீழே இறக்கப்படக் கூடாது என்றது. கைபேசித் திட்டங்களில் 'அன்லிமிடெட்' என்ற சொல்லும் 'நாளுக்கு 1.5 ஜிபி' என்ற எண்ணும் ஒரே வரியில் அருகருகே நிற்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் இயல்பாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். எண்ணைப் பார்த்துத்தான் ரீசார்ஜ் செய்கிறார்கள்.